விலையும் விதியும்

வானம் பார்த்த பூமி என்று நம் வட்டாரத்துக்குப் பெயர். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி வரையிலும், அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கும் கரிசற்காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்த பருத்தியை எடுக்கிறோம். குண்டாற்றில் நீர் தெரியும் நாட்கள் சில. மணல் தெரியும் நாட்களே பல. மழை பொய்த்தால் வானத்தை நோகிறோம். அதில் ஓரளவு பொருளுண்டு. மேகத்துக்கு மனு எழுத முடியாதல்லவா?

ஆனால், மழை பெய்து, பருத்தி விளைந்து, பொதி கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோன பிறகு விலை விழுந்தால்? அப்போதும் அதே சொல்தான் வாயில் வருகிறது: "தலையெழுத்து!" கோடாங்கியிடம் குறி கேட்கச் செல்கிறார் ஒருவர். சனியின் பார்வை என்கிறார் மற்றொருவர். முற்பிறவி வினை என்று முடித்துவிடுகிறார் மூன்றாமவர். தறியில் அமர்ந்திருப்பவர் நூல்விலை ஏறும்போது சொல்வதும் இதுவே. உழவருக்கு விலை இறங்கினால் விதி. நெசவாளருக்கு விலை ஏறினால் விதி! ஏறினாலும் இறங்கினாலும் பழியேற்க இப்படியொரு விதி இருப்பதால், உண்மையில் விலையை ஏற்றியவரும் இறக்கியவரும் யார் என்று கேட்பாரில்லை.

மழைக்கும் விலைக்கும் வேறுபாடு உண்டு, தோழர்களே! மழை இயற்கை தருவது. விலை மனிதர் வகுப்பது. எங்கோ ஓர் அவையில், ஒரு சட்டத்தின் ஒரு வரியில், ஒரு துறைமுகத்தின் வாயிலில் அது வகுக்கப்படுகிறது. வகுக்கப்படும் முன்பு வழக்காடல் நடக்கிறது. அந்த வழக்காடலில் வாய் திறந்தவர் வாழ்ந்தனர். வாய் திறவாதவர் வாடினர். வேதாந்தம் பேசி விளங்கவைக்க வேண்டிய செய்தியன்று இது. நம் கரிசல் பருத்தியின் 160 ஆண்டுக் கதையே இதற்குச் சான்று.

1861-ஆம் ஆண்டில் தொடங்குவோம். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த தென் மாநிலங்கள் ஒரு பக்கம். ஆபிரகாம் லிங்கன் தலைமையிலான ஒன்றிய அரசு மறுபக்கம். லிங்கன் தென் துறைமுகங்களை முற்றுகையிட்டார். அடிமைகள் பறித்த பஞ்சு கப்பலேறுவது நின்றது. அதுவரை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் வாங்கிய பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்து வந்ததே. ஆலைகள் மூடின, இலட்சக்கணக்கான தொழிலாளர் தெருவில் நின்றனர். இலிவர்ப்பூல் சந்தையில் பஞ்சு விலை 1864-க்குள் போருக்கு முந்தைய விலையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் சென்றது.

ஆலை முதலாளிகள் வெறுமனே காத்திருக்கவில்லை. போர் வருமுன்பே, 1857-இல், மான்செஸ்டரில் பருத்திக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். எந்த நாட்டு மண்ணில் எந்தப் பருத்தி விளையும், எந்தச் சாலை போட்டால் எந்தத் துறைமுகத்துக்கு வரும் என்று அச்சங்கம் ஆராய்ந்தது, அரசை நெருக்கியது. சென்னை மாகாணத்துப் பருத்திச் சாகுபடி பற்றி டால்பாய்ஸ் வீலர் என்பவர் தொகுத்த கையேடு 1862-இல் வெளிவந்தது. நம் தென்பாண்டிக் கரிசல் பஞ்சுக்கு அந்தச் சந்தையில் 'தின்னவேலி' என்று பெயர். இராமநாதபுரம் சமீனைச் சேர்ந்திருந்த நம் ஊர்ப்பக்கத்துப் பஞ்சு மாட்டுவண்டியேறித் தூத்துக்குடி போயிற்று, அங்கிருந்து கப்பலேறிற்று. நம்மைப் பற்றி அவர்கள் நூல் எழுதினார்கள். அவர்களைப் பற்றி நம்மவர் என்ன அறிந்திருந்தனர்? முன்பணம் கொடுத்துப் பயிரிலேயே விலை பேசிய தரகர் சொன்னதை அறிந்திருந்தனர், அவ்வளவே.

கரிசற்காட்டில் அன்று புரண்ட காசுக்குப் பின்னால் ஓர் அடிமைப்போர் நடந்தது. காசு வாங்கிய உழவருக்கு அது தெரிய வழியில்லை. ஆனால், காசு இழந்த லங்காஷயர் தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது! இலிவர்ப்பூல் வணிகர் பலர் அடிமை முதலாளிகளின் பக்கம் நின்றனர். முற்றுகையை உடைத்துப் பஞ்சைக் கொண்டு வா என்ற குரலும் அந்நாட்டில் எழுந்தது. அத்தகைய நேரத்தில், 1862 டிசம்பர் 31 அன்று, மான்செஸ்டர் நகரில் தொழிலாளர் கூடினர். தங்களுக்கு வேலையில்லை, அடுப்பில் நெருப்பில்லை. ஆயினும் அடிமைமுறையை ஒழிக்க முனைந்த லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்து மடல் அனுப்பினர். 1863 சனவரி 19 அன்று லிங்கன் நன்றி கூறி மறுமொழி எழுதினார். லங்காஷயர் முழுதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் உண்மை, எதிர்த்தோரும் இருந்தனர். எனினும், பசித்த வயிற்றோடு பிறர் விடுதலைக்காகப் பேசிய அந்த மடல் வரலாற்றில் நிற்கிறது. உலகச் செய்தி தெரிந்த தொழிலாளி உலகத்தின் முன் நிமிர்ந்து நிற்கிறான் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1865-இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு மீண்டும் கப்பலேறத் தொடங்கியது. நம் பஞ்சின் விலை சரிந்தது. உயர்ந்தபோது காரணம் அறியாதவர், சரிந்தபோதும் காரணம் அறியார். உயர்ந்தது குலதெய்வத்தின் அருள்; சரிந்தது குலதெய்வத்தின் கோபம்! அமெரிக்காவில் பீரங்கி முழங்கியதற்கும் ஓய்ந்ததற்கும் நம் ஐயனார் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

அடுத்த காட்சி இதைவிடக் கொடியது. 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறந்தது. அதே ஆண்டு தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. 1878 வரை சென்னை மாகாணத்தில் மாண்டவர் பல இலட்சம். நிவாரண வேலைக்கு வந்த பஞ்சையருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அளந்து சொன்னார், மேலிருந்து வந்த ரிச்சர்டு டெம்பிள். போதாது, இது பட்டினியே என்று கணக்குக் காட்டி எதிர்த்தார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். அந்த வாதம் பதிவாயிற்று; அவ்வாண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. ஒரு மனிதர் எண்களோடு எழுந்து பேசினால் அரசின் அளவுகோல் அசையும் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அதே 1877-இல், சூலை மாதம், இலண்டன் மக்களவையில் இந்தியாவைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. பஞ்சத்தில் சாகிறவர்க்குச் சோறு கொடுப்பது பற்றியதா? அன்று. இந்தியாவுக்குள் நுழையும் பருத்தித் துணிமீது விதிக்கப்படும் இறக்குமதி வரியை, நிதிநிலை இடங்கொடுத்தவுடன் நீக்கவேண்டும் என்பது தீர்மானம்! அந்த வரி நூற்றுக்கு ஐந்துதான். அந்த ஐந்தும் லங்காஷயர் முதலாளிகளின் கண்ணை உறுத்தியது. அவர்களுக்கு அங்கே வாக்குரிமை இருந்தது, சங்கம் இருந்தது, செய்தித்தாள் இருந்தது, மன்றத்தில் ஆள் இருந்தது. கரிசற்காட்டானுக்கு என்ன இருந்தது? பிலாக்கணம் இருந்தது.

1879-இல், பஞ்சத்தின் செலவும் ஆப்கன் போரின் செலவும் கருவூலத்தைக் காலி செய்திருந்த வேளையில், வைசிராய் லிட்டன் முரட்டுத் துணிகளுக்கான வரியை நீக்கினார். தம் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினர் எதிர்த்தும், அவர்களை மீறி நீக்கினார். 1882-இல் எஞ்சிய பருத்தி வரியும் போயிற்று. 1894-இல் பணமுடை காரணமாக வரியைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தபோது மான்செஸ்டர் மறுபடி உறுமியது. விளைவு என்ன? 1896-இல் வெளிநாட்டுத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வரி. அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிக்கும் நூற்றுக்கு மூன்றரை வரி! வந்தவனுக்கும் வீட்டுக்காரனுக்கும் ஒரே வாசல் வரி போட்டு, இதுவே சமநீதி என்றனர். 1925 டிசம்பர் வரை அந்த உள்நாட்டு வரி உயிரோடிருந்தது. அதே ஏற்பாட்டில் நூலுக்கு வரியில்லை என்றாயிற்று. கைத்தறியாளருக்கு அதனால் சிறிது நன்மை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நன்மையும் அவரைக் கேட்டுத் தந்ததன்று, அவருக்காகத் தந்ததுமன்று. பெரிய வீட்டு விருந்தில் சிந்திய பருக்கை அது.

இவ்வளவும் கண்ட பிறகும் தமிழகம் வாளாவிருந்ததா? இல்லை. இரண்டு வகையில் விழித்தது.

ஒன்று, நம் அண்டைத் துறைமுகத்தில் நடந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் நிறுவனம் வைத்ததே கட்டணம் என்றிருந்த நிலையை எதிர்த்து, காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை ஓட்டினார். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் நூல் நூற்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வு கிடைத்தது. மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். பஞ்சை விளைவிப்பவர், நூற்பவர், ஏற்றிச் செல்பவர் ஆகிய மூவரின் கேள்வியும் ஒரே கேள்வி என்று கண்டது அவர் பெருமை. அதைக் கண்டுகொண்டதால்தான் ஆட்சி அஞ்சியது.

மற்றொன்று, நம் பேட்டைகளில் நடந்தது. விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தவர், கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆயினும் அவர்கள் சந்தைக்கு வரும் சரக்கின்மீது மகமை என்று சிறு தொகை எடுத்தார்கள்; பொதுநிதி சேர்த்தார்கள்; பள்ளி கட்டினார்கள். விருதுபட்டியில் 1889-இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். தூத்துக்குடியில் என்ன விலை, கொழும்பில் என்ன விலை என்று அறிந்தவரைச் சாதிச் செருக்கால் நெடுநாள் அடக்கிவைக்க முடியவில்லை. எனினும், அந்த மகமையின் பயன் ஒரு வகுப்பாரோடு பெரிதும் நின்றது. பருத்தி எடுத்த ஒடுக்கப்பட்ட பெண்ணின் பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டு அவ்வளவு எளிதில் கிட்டவில்லை. வணிகம் திறக்கும் வாசல் எல்லார்க்கும் ஒருசேரத் திறப்பதில்லை. அதை அகலப்படுத்துவது அறிவியக்கத்தின் வேலை.

இனி, தறியின் பக்கம் வருவோம். அருப்புக்கோட்டையில் தேவாங்கர் தெருவிலும் சாலியர் தெருவிலும் தலைமுறை தலைமுறையாகப் பாவு ஓடியது. 1950-இல் கொரியாவில் போர் மூண்டது. உலகெங்கும் மூலப்பொருள் விலை துள்ளியது. 1952-இல் சந்தை சரிந்தது. தமிழகக் கைத்தறி மூட்டைகள் தேங்கின; நெசவாளர் வீடுகளில் பட்டினி புகுந்தது. கொரியாவில் ஒரு குன்றைப் பிடிக்க நடந்த சண்டைக்கும் நம் தெருவில் நின்ற தறிக்கும் தொடர்புண்டு என்பதை எந்தப் பஞ்சாங்கம் சொல்லிற்று?

ஆனால் இம்முறை ஒரு மாறுதல் நேர்ந்தது. நெசவாளரின் துன்பம் நாட்டின் வாதமாயிற்று. வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் இராசாசி நடுவண் அரசைக் கேட்டார். வேறு பல கொள்கைகளில் அவரோடு கடுமையாக மாறுபட்டவர்களும் நெசவாளர்க்காகக் குரல் கொடுத்தனர். 1953 சனவரியில் அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். கழகத் தோழர்கள் பல ஊர்களில் விற்றனர். தெருவுக்குத் தெரியாதிருந்த சிக்கல் தெருவுக்கு வந்தது. 1952-இல் அனைத்திந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவு முன்பிருந்ததில் நூற்றுக்கு அறுபதாகக் குறைக்கப்பட்டது. 1953-இல் ஆலைத் துணிமீது கெஜத்துக்கு மூன்று பை தீர்வை விதித்து அத்தொகையைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிட வழி செய்தனர். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டதனால் கிடைத்தது.

கேட்பதை நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். 1954-இல் கனுங்கோ குழு, கைத்தறியைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. 1985-இல் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கி ஒரு சட்டம் வந்தது. வழக்குகள் தொடுக்கப்பட்டன, 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1996-இல் 22 என்பது 11 ஆகச் சுருங்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. ஒதுக்கிய துணி விசைத்தறியில் ஓடியது. இன்று நம் ஊர்த் தெருக்களில் நடந்து பார்த்தால் எந்தத் தறியின் ஓசை மிகுதி என்பது காதுக்கே தெரியும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அதை மறைத்தால் நாம் பகுத்தறிவாளர் ஆகமாட்டோம். திருச்சுழி உழவருக்குப் பஞ்சு விலை ஏறவேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளருக்கு நூல் விலை இறங்கவேண்டும். இருவரும் நம்மவர். யார் பக்கம் நிற்பது?

2010 ஏப்ரலில் நடுவண் அரசு பஞ்சு ஏற்றுமதியைத் தடுத்தது. தமிழக ஆலைகள் வரவேற்றன. குசராத்திலும் மராட்டியத்திலும் உழவர் கொதித்தனர். 2012 மார்ச் 5 அன்று மீண்டும் தடை. அமைச்சரவையிலேயே வேளாண் அமைச்சர் எதிர்த்தார். ஒரு வாரத்துக்குள் அரசு பின்வாங்கியது. 2021-இல் வெளிநாட்டுப் பஞ்சுக்கு நூற்றுக்கு 11 இறக்குமதி வரி வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது வரியை நூற்றுக்கு 50 ஆக உயர்த்தியது. அதே மாதம் நம் அரசு அந்த 11 வரியைத் தற்காலிகமாக நீக்கியது. ஆலைகள் மகிழ்ந்தன, விதைத்துவிட்டு நின்ற உழவர் திகைத்தனர். வாசிங்டனில் ஓர் ஆணை, தில்லியில் ஓர் ஆணை. நடுவில் பருத்திச் செடி!

உழவரும் நெசவாளரும் பகைவர் என்று சொல்வது இரு பக்கமும் இலாபம் பார்ப்போருக்கு வசதி. கூர்ந்து பார்த்தால் இருவரையும் கொல்வது ஒன்றே: விதைத்த பிறகு, பாவு போட்ட பிறகு, கேளாமல் கொள்ளாமல் ஓரிரவில் மாறும் ஆணை. உழவருக்கு வேண்டியது விழாத அடிவிலை. 2025-26 பருவத்துக்கு நீள இழைப் பருத்திக்குக் குவிண்டால் 8,110 ரூபாய் என்று அரசே விலை அறிவித்தது. அந்த விலையில் கொள்முதல் செய்ய 1970 முதல் இந்தியப் பருத்திக் கழகம் இருக்கிறது. நெசவாளருக்கு வேண்டியது துள்ளாத நூல்விலை. இவ்விரண்டையும் ஒருங்கே கேட்க முடியும். கேட்க வாய் வேண்டும். வாய்க்குப் பின்னால் கணக்கு வேண்டும்.

கணக்கோடு கேட்டால் வல்லரசும் வழிக்கு வரும். அமெரிக்கா தன் பருத்தி உழவருக்குக் கொட்டிக் கொடுத்த மானியம் உலக விலையை அழுத்துகிறது என்று 2002-இல் பிரேசில் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2004-இல் தீர்ப்பு, 2005-இல் மேல்முறையீட்டிலும் பிரேசிலுக்கு வெற்றி. 2014-இல் 30 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அமெரிக்கா வழக்கை முடித்தது. நம்மைப் போலவே மழையை நம்பிப் பருத்தி விதைக்கும் மாலி, புர்க்கினா பாசோ, பெனின், சாட் ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல் ஒன்றுகூடி இதே கேள்வியை எழுப்பின. பணத்திலும் படையிலும் சிறிய நாடுகள்; ஆயினும் கேன்கன் மாநாட்டில் அவற்றின் பருத்திக் கேள்வியை ஒருவராலும் ஒதுக்க முடியவில்லை.

ஆகவே, இளைஞர்களே, நம் படிப்பகங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சுவரில் ஒரு கரும்பலகை வைப்போம். வாரந்தோறும் அதில் நம்மூர்ப் பருத்தி விலை, பஞ்சின் கண்டி விலை, நூல் விலை, அரசு அறிவித்த விலை ஆகிய நான்கையும் எழுதுவோம். விலை மாறிய வாரத்தில் மூன்று கேள்வி கேட்போம்: இம்முடிவை எடுத்தவர் யார்? எடுக்கும்முன் யார் யாரைக் கேட்டார்? இதனால் யாருக்கு எவ்வளவு? விடை தெரிந்ததும் உழவரையும் நெசவாளரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திப் பேசுவோம். பேசியதை மனுவாக எழுதுவோம். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுப்போம். விடை வரும்வரை விடாமல் கேட்போம். பருத்தி எடுக்கும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கட்டும். கூலியின் கணக்கு அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது.

பள்ளியில் பாடம் சொல்லும் நாமும் ஒன்று செய்யவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரை ஆண்டுகளின் பட்டியலாக ஒப்பிக்கச் செய்வது போதாது. அந்தப் போரின் நூலிழை நம் மாணவர் அணிந்திருக்கும் சட்டை வரை வந்திருக்கிறது என்று காட்டவேண்டும். அதைக் கண்ட பிள்ளை, வளர்ந்து விலை விழும் நாளில் கோடாங்கி வீட்டுக்குப் போகமாட்டான். கரும்பலகையின் முன் வந்து நின்று, ஏன் என்று கேட்பான்.